பயோடேட்டாவில் ஒன்பது வருடம்

விளம்பரத்தை முதலில் பார்த்தவள் என் மனைவிதான். காலை டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்திலும் சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, நான் கட்டாயம் கை வைக்கும் இடமான அரிசி டப்பாவின் மூடிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கடலூரில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் தேவை. அனுபவம் உள்ளவர்கள் பயோடேட்டாவுடன் வரும் திங்கட்கிழமை நேரில் வரவும்.

எனக்கு அனுபவம் இருந்தது. அதற்கு வயதாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

2002-ல் எங்களுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். நான்கு நிமிட வித்தியாசத்தில் பெரியவள், சின்னவள். இருவரையும் சேர்த்து எடை போட்டால்தான் ஒரு குழந்தையின் எடை வரும். மனைவி அண்ணாமலை நகரில் ஸ்டாஃப் நர்ஸ். நிரந்தர வேலை, ஷிப்ட் டூட்டி. நான் கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், கான்ட்ராக்ட் வேலை. என் அம்மா காலமாகியிருந்தாள். மாமியாருக்கு மூட்டுவலி. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றபோது, கணக்கு தானாகவே என் பக்கம் வந்து நின்றது. ஆறு மாதம் என்று பேசிக்கொண்டோம். அந்த ஆறு மாதம் ஒன்பது வருடம் ஓடியது.

தெருவில் எனக்கு ‘நர்ஸம்மா வீட்டுக்காரர்’ என்று பெயர். பள்ளிக்கூட வாசலில் ‘ரெட்டைப் புள்ள அப்பா’. பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் முதல் வருடம் ‘தனியார் நிறுவனம், விடுப்பில்’ என்று எழுதினேன். அடுத்த வருடம் ‘சுயதொழில்’. அதற்கடுத்த வருடம் ஒரு கோடு போட்டேன். கோட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதால் அதையே தொடர்ந்தேன்.

பயோடேட்டாவில் கோடு போட முடியாது என்று சொன்னவன் என் மச்சான். மனைவியின் தம்பி. சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் நான்கு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் ஒரு இன்டர்வியூவுக்கும் போனதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மாணவர்களின் பயோடேட்டாவை அடித்துக் கொடுத்திருந்ததால், வேலை தேடுவது பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பினான். யாரோ ஒரு மாணவனின் பயோடேட்டாவைத் திறந்து, அதன்மேலேயே என் விவரங்களை அடிக்கத் தொடங்கினான்.

“மாமா, 2002 ஜூன் வரைக்கும் வந்துட்டோம். அதுக்கப்புறம் இன்னா போடறது?”

“ஒண்ணும் போடாத. அப்டியே வுட்டுடு.”

“வுட்டா ஜெயில்ல இருந்தீங்களான்னு கேப்பாங்க.”

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த மாணவி திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

“வீட்டுல இருந்தேன்னு போடு.”

“ஆம்பள ஒன்பது வருஷம் வீட்டுல இருந்தாருன்னா ஒடம்புல இன்னாமோ கோளாறுன்னு நெனைப்பாங்க. போறதே ஆஸ்பத்திரிக்கு. படுக்க வச்சு டெஸ்ட் எடுத்துடுவாங்க.”

மச்சான் கண்ணை மூடி விரல்களைச் சொடுக்கினான். பிறகு ஒரே மூச்சில் அடித்தான். நான் எட்டிப் பார்த்தேன். 2002 முதல் 2011 வரை: லாஜிஸ்டிக்ஸ் கன்சல்டன்ட், சுயதொழில்.

“அப்டின்னா?”

“எந்த சாமான எங்க வாங்கி எங்க கொண்டு போய்ச் சேக்கறதுன்னு யோசன சொல்றவரு. நீங்க டெய்லி அதத்தான பண்றீங்க?”

“யாருக்குச் சொன்னேன்னு கேட்டா?”

“கிளையன்ட் பேர வெளிய சொல்லக்கூடாதுன்னு அக்ரிமென்ட் இருக்குதுன்னு சொல்லிடுங்க. பெரிய கன்சல்டன்ட்லாம் அப்டித்தான் சொல்வாங்க.”

எந்தப் பெரிய கன்சல்டன்ட்டை அவன் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. தடித்த தாளில் ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தான். ஒரு இன்டர்வியூவுக்கு எதற்கு ஆறு என்றதற்கு, “பேனல்ல எத்தினி பேருன்னு தெரியாதுல்ல” என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒத்திகை. காலை டூட்டி முடிந்து வந்த மனைவி, கெத்தாக இருக்கும் என்று வெள்ளை யூனிஃபாரத்தை மாற்றாமலேயே சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் பெரியவளும் சின்னவளும், ஆளுக்கொரு ரஃப் நோட்டோடு. நான் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும்.

“டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்றாள் மனைவி.

ஒன்பது வருடத்தில் நான் பேசிய ஆங்கிலமெல்லாம் குழந்தைகளின் வீட்டுப்பாடத்தில் இருந்தவைதான். வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. நான் அண்ணாமலை நகரில் வசிக்கிறேன், எனக்கு இரண்டு மகள்கள், அவர்கள் நல்ல பெண்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன்.

“அப்பா, இது ‘மை ஃபேமிலி’ எஸ்ஸே” என்றாள் பெரியவள்.

“பத்துக்கு எட்டு” என்று எழுதினாள் சின்னவள்.

மனைவி சிரிக்கவில்லை. வார்டில் ஜூனியர் நர்சுகளை மேய்ப்பவள். “கையக் கட்டாதீங்க, பேஷன்ட்டோட அட்டெண்டர் மாதிரி இருக்குது. கண்ணப் பாத்துப் பேசுங்க. சீலிங்க ஏன் பாக்கறீங்க? அங்க யாரு இருக்கா?” என்று ஒவ்வொன்றாகத் திருத்தினாள். மூன்றாம் தடவையும் என் ஆங்கிலம் எஸ்ஸேவிலேயே போய் நின்றபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “இதையே எத்தன தடவ சொல்றது உங்களுக்கு? போங்க வெளிய. கதவச் சாத்திட்டுப் போங்க. நான் கூப்பிட்டாத்தான் உள்ள வரணும்” என்றாள்.

நான் பணிவாக, “சாரி மேடம். இனிமே ஒழுங்கா பண்றேன் மேடம்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

கம்மாபுரத்திலிருந்து முருங்கைக்காய்ப் பையோடு வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. பையைத் தரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினி நாளா இப்டி நடக்குது மாப்ள?”

“இல்ல மாமா, இது வந்து...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். புள்ளைங்கள வேற பக்கத்துல உக்கார வச்சிக்கினு. நான் பேசிக்கிறேன் அவகிட்ட.”

உள்ளேயிருந்து மனைவி, “நெக்ஸ்ட்” என்று கூப்பிட்டாள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரமும் இரண்டு காபியும் ஆனது. புரிந்த பிறகு, தானும் ஒரு யோசனை சொல்லியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கன்சல்டன்ட் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. “துபாய்னு சொல்லுங்க மாப்ள. ஒன்பது வருஷம் ஒருத்தன் ஊர்ல இல்லன்னா அது துபாய்தான். யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க.”

“தாத்தா, அப்பாவுக்கு பாஸ்போர்ட்டே இல்ல” என்றாள் சின்னவள்.

“அவுங்களுக்கு அது எப்டித் தெரியும்?”

மனைவி எழுந்து யூனிஃபாரத்தை மாற்றப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பழைய ஃபார்மல் பேண்டைப் போட்டுப் பார்த்தேன். மூச்சை உள்ளே இழுத்தால் கொக்கி மாட்டியது. ஆனால் பேச முடியவில்லை. இன்டர்வியூவுக்குப் பேச்சு முக்கியம் என்பதால் மச்சானின் பேண்ட் ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஷூ மட்டும் பழையதுதான். கம்பெனி நாட்களில் போட்டது, பரணில் செய்தித்தாள் சுற்றிய பெட்டிக்குள் புத்தம் புதிதாக இருந்தது. சின்னவள் அதற்குப் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தாள்.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள். “கன்சல்டன்ட்னு போட்டதோடதான் போகப் போறீங்களா?”

“உன் தம்பிதான் போட்டான்.”

“நீங்க வேணாம்னு சொல்லலியே.”

“வேற என்ன சொல்றது? புள்ளைங்களப் பாத்துக்கிட்டேன்னு சொன்னா சிரிப்பாங்க.”

அவள் மடிப்பதை நிறுத்தினாள். “ஒன்பது வருஷமா அடுத்தவங்க புள்ளைங்களுக்கு ஊசி போட்டுக்கிட்டு வார்டுல நிக்கறேன். ஒரு நாள்கூட என் வீட்ட நெனச்சு நான் பயந்ததில்ல. மத்த நர்சுங்க பத்து தடவ வீட்டுக்குப் போன் போடுவாங்க. நான் போட்டதே இல்ல. அது உங்களுக்கு சிரிக்கற விஷயமா?”

அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி நான் மடித்தேன். ஆனால் பயோடேட்டாவை மாற்றவில்லை. ஞாயிறு, பிரவுசிங் சென்டர் பூட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. கன்சல்டன்ட் என்ற சொல் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது. குளிக்கும்போது ஒரு தடவை சத்தமாகச் சொல்லிக்கூடப் பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமை மனைவி மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. சின்னவளுக்கு சாம்பார் சாதத்தில் கேரட் கண்ணில் படக்கூடாது, பெரியவளுக்கு வாட்டர் பாட்டில் மூடியை இறுக்கி மூடக்கூடாது என்று நான் வாசலில் நின்று சொல்லச் சொல்ல, “ரெண்டு பேரையும் பெத்தது நான்தான், கெளம்புங்க” என்றாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. சட்டை கசங்கிவிடும் என்று புதுச்சத்திரம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். மூன்றாம் தடவை, “மூலமா சார்?” என்று தணிந்த குரலில் கேட்டார். உடனே உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனையில் பெயிண்ட் வாசனை போகவில்லை. பளிச்சென்ற வெள்ளை டைல்ஸ். வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் பதினோரு பேர் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் கல்லூரியிலிருந்து நேராக வந்த முகங்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஒருவன் எழுந்து நின்று, “குட் மார்னிங் சார்” என்றான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். நானும் இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கிறேன் என்றதும் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் பெருக்கும் அம்மா முறத்தோடு என்னிடம் வந்தார். “சார், இது உங்களுதா?”

முறத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. ரப்பர் துண்டுகள். வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும் அதேபோல் கறுப்புத் துணுக்குகள் வரிசையாகக் கிடந்தன. குனிந்து பார்த்தேன். பரணில் ஒன்பது வருடம் கிடந்த ஷூவின் மேல்பாகம் பளபளத்தது. அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

“என்னுதுதான்.”

“வேணுமா?”

“வேணாம்மா.”

அதற்குப் பிறகு காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்து எழுந்தபோது இடது ஷூவின் குதிகால் பகுதி நாற்காலிக்கடியிலேயே தங்கிவிட்டது. கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்தபடி அறைக்குள் போனேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் மருத்துவமனையின் சொந்தக்காரரான டாக்டர், ஒரு பக்கம் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, மறு பக்கம் நரைத்த தலையோடு ஒரு மேனேஜர். அந்த அம்மா என் பயோடேட்டாவைப் படித்துவிட்டு முகம் மலர்ந்து ஏதோ கேட்டார். “மீரு தெலுகு எக்கட நேர்ச்சுக்குன்னாரு?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது. கண்ணைப் பார்த்து, “எஸ் மேடம்” என்றேன்.

அவர் அதையே இன்னும் நிதானமாகக் கேட்டார். நான் இன்னும் நிதானமாக “எஸ்” என்றேன். பிறகுதான் என் கையிலிருந்த காப்பியைப் பார்த்தேன். தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், தெலுங்கு. யாருடைய பயோடேட்டாவின்மேல் மச்சான் என்னுடையதை அடித்தானோ, அந்த மாணவனின் மொழி. அதை எங்கே கற்றேன் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது.

“அது டைப்பிங் மிஸ்டேக் மேடம்.”

“தெலுங்கு தெரியும்கிறது டைப்பிங் மிஸ்டேக்கா?”

“வேற ஒருத்தருக்குத் தெரிஞ்ச தெலுங்கு மேடம். என் பேப்பர்ல வந்துடுச்சு.”

மேனேஜர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். “அப்ப இந்தக் கன்சல்டன்ட்? அதுவும் வேற ஒருத்தரா?”

“இல்ல சார். அது நான்தான்.”

“எந்தக் கம்பெனிக்குப் பண்ணீங்க?”

“கிளையன்ட் பேர வெளிய சொல்லக்கூடாது சார். அக்ரிமென்ட்.”

“பேரு வேணாம். எத்தன கிளையன்ட்டு?”

“ரெண்டு சார்.”

“ரெண்டு கிளையன்ட்ட வச்சிக்கிட்டு ஒன்பது வருஷமா?” அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்கு ஆச்சரியம். “முழு நேரமுமா?”

“முழு நேரமும் சார். லீவே கெடையாது.”

“அப்படி என்ன மாதிரி கம்பெனி?”

மச்சான் இதற்கு மேல் சொல்லித் தரவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

“கம்பெனி இல்ல சார். என் பொண்ணுங்க. நாலாவது படிக்கிறாங்க.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கியது, வாயைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

“ரெட்டைப் பிள்ளைங்களா?” என்று கேட்டார்.

“ஆமா மேடம். வைஃப் ஸ்டாஃப் நர்ஸ். ஷிப்ட் டூட்டி. நான்தான் பாத்துக்கிட்டேன்.”

“இத ஏன் எழுதல?”

“சிரிப்பாங்கன்னு நெனச்சேன் மேடம்.”

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அதன் பிறகு மேனேஜர் கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். இருப்புச் சீட்டு எப்படி எழுதுவது, வந்த சரக்கைப் பில்லோடு எப்படிச் சரிபார்ப்பது, காலாவதித் தேதி உள்ளவற்றை எப்படி அடுக்குவது. முதலில் கெட்டுப்போவது முன்னால் இருக்க வேண்டும், புதிதாக வந்தது பின்னால் போக வேண்டும் என்றேன். அது கம்பெனியில் படித்ததா வீட்டு ஃபிரிட்ஜில் பழகியதா என்று எனக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டர் தெரியுமா என்றார். தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றேன். அன்றைக்கு மேலும் ஒரு பொய் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

கடைசியாக அந்த அம்மா, “நீங்க எதாவது கேக்கணுமா?” என்றார்.

இந்த இடத்தில் கம்பெனியின் எதிர்காலத் திட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தான். நான், “தரை புதுசா இருக்குது மேடம். ஷூவ இங்கியே கழட்டிக் கையில எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டேன்.

ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் ஷூவோடு நான் சாக்ஸில் நடந்து வெளியே வந்ததைப் பார்த்து, அடுத்து உள்ளே போக வேண்டியவனும் ஷூவைக் கழற்றத் தொடங்கினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. துபாய் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆர்டர் கொடுத்திருப்பார்கள் என்று மாமனார் போனில் சொன்னார். மச்சானோ தெலுங்கு விஷயத்தைக் கேட்டதிலிருந்து ஒரு வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. வந்தபோது, “நாலு வார்த்த கத்துக்கிட்டுப் போயிருக்கலாம் மாமா” என்று குற்றத்தை என் பக்கம் தள்ளினான்.

மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். முதலில் எடுத்த ஆள் நாலே நாளில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான், ரெண்டாவதாக உங்களைத்தான் வைத்திருந்தோம் என்று ஒளிக்காமல் சொன்னார். ரெண்டாவது என்றதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒன்பது வருடமாக எந்தப் பட்டியலிலும் நான் இருந்ததில்லை.

மனைவியிடம் சொன்னேன். சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டவள், “எப்ப ஜாயின் பண்ணணும்?” என்று கேட்டாள்.

“நாளைக்கு.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாளைக்கா? இந்த மாசம் டூட்டி லிஸ்ட் போட்டாச்சே. நாளைக்கு சாயங்காலம் புள்ளைங்கள யாரு கூப்ட்டு வர்றது?”

அன்றிரவே மாமனாருக்குப் போன் போட்டோம். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, எந்த யூனிஃபாரம் எந்தக் கிழமைக்கு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நான் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

முதல் நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளை எண்ணினேன். குளுக்கோஸ் பாட்டில், பஞ்சு, கையுறை, எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. இருட்டிய பிறகு பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து கண் விழித்தபோது பஸ் ஒரு நீளமான பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. சிதம்பரம் தாண்டிவிட்டது. கீழே கொள்ளிடம்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்திருந்த மனைவிக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும், “அங்க என்ன வேல உங்களுக்கு?” என்றாள். தூங்கிவிட்டேன் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன என்று பிள்ளைகள் கேட்க, அவள் சொல்ல, அவர்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அவசரமில்ல. டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க. இங்க எல்லாரும் சாப்ட்டாச்சு” என்றாள்.

நான் இல்லாமல், நான் சமைக்காமல் அவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஏதோ ஒன்று சுருக்கென்றது.

“என்ன கொழம்பு?”

“எங்கப்பா வச்ச புளிக்கொழம்பு. உப்பு ஜாஸ்தி.”

அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன்.